வால்வு மாற்றிய பிறகு நெஞ்சில் அழுத்தம்: தையல் வலிதானா, வேறு ஏதாவதா?

தங்கச்சிமடம்_இளையவன் | மே 9, இரவு 9.42

அண்ணனுக்கு 46 வயது, விசைப்படகுக்குப் போகிறவர். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததன் மிச்சமாகப் பெருந்தமனி வால்வு ஒழுகுகிறது என்று சொல்லி, பிப்ரவரியில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மெட்டல் வால்வு வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில்தான் நடந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ஆஞ்சியோ எடுத்து, ரத்தக் குழாய் எல்லாம் சுத்தம், அடைப்பு எதுவும் இல்லை என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் நன்றாகத்தான் இருந்தார். இப்போது மீன்பிடித் தடைக்காலம், படகைக் கரையேற்றி மராமத்து நடக்கிறது. வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்காமல் அங்கே போய்விடுகிறார். கயிறு இழுத்தாலோ மணலில் கொஞ்சம் எட்டி நடந்தாலோ நெஞ்சின் நடுவில் அழுத்துகிறதாம், தாடை வரை ஏறுகிறதாம். உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. இந்த வாரம் அடிக்கடி வருகிறது.

பக்கத்தில் ஒரு இடத்தில் காட்டினோம். "எலும்பைப் பிளந்து தைத்திருக்கிறது, ஆறு மாதம் வலிக்கத்தான் செய்யும், கூடவே கேஸ்" என்று ஒரு வலி ஊசி போட்டு, மாத்திரை கொடுத்தார்கள். இ.சி.ஜி. நார்மல். மதுரையில் மறுபடி வரச் சொன்ன தேதி ஜூன் கடைசி. ஆனால் ஜூன் 15-க்குப் படகு இறங்கினால் நானும் போவேன் என்று நிற்கிறார். இந்தப் பக்கம் வால்வு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், தையல் வலி இப்படித்தான் இருக்குமா?

முண்டுமிளகாய் | மே 9, இரவு 10.05

தம்பி, பயப்படாதீங்க. என் தாய்மாமாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து ஒரு வருடம் வரை வலி இருந்தது. இருமினால், திரும்பிப் படுத்தால் வலிக்கும். பூண்டைப் பாலில் வேகவைத்து ராத்திரி கொடுங்கள், கேஸ் கலைந்துவிடும். ரத்தக் குழாய் சுத்தம் என்று எழுதிக் கொடுத்த பிறகு வேறென்ன கவலை?

உப்புக்காத்து | மே 9, இரவு 10.31

மண்டபம் சொந்த ஊர். மதுரையில் ஆபரேஷன் தியேட்டரில் ஹார்ட்-லங் மெஷின் ஓட்டுவது என் வேலை. டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மிளகாய் அண்ணன் மாமாவுக்கு இருந்தது தையல் வலி. இருமினால், தும்மினால், புரண்டு படுத்தால், கையால் அழுத்தினால் வலிப்பது அதன் குணம். இளையவன் சொல்வது வேறு. வேலை செய்தால் வருகிறது, நின்றால் போகிறது, தாடைக்கு ஏறுகிறது. ஆபரேஷன் ஆகாத ஒருவர் இதே கதையைச் சொன்னால் யாராவது கேஸ் என்பார்களா?

மூன்று கேள்வி. ஓய்வாக இருக்கும்போது எப்போதாவது வந்ததா? கடைசியாக ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் அளவு) பார்த்தது எப்போது, எவ்வளவு? டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷன் குறிப்பு என்று ஒரு பத்தி இருக்கும், அதில் "கார்டியோபிளீஜியா" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

இன்னொன்று. அசிட்ரோம் (மெட்டல் வால்வில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவருக்கு வலி ஊசி போட்டது சரியில்லை. டைக்ளோஃபினாக் வகை மருந்து அசிட்ரோமோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம், ஊசி குத்திய இடத்தில் சதைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளவும் செய்யும்.

தங்கச்சிமடம்_இளையவன் | மே 9, இரவு 11.10

ஓய்வில் வரவில்லை அண்ணே. ஐ.என்.ஆர். இரண்டு வாரத்துக்கு முன் 2.4. இடுப்பில் நீலமாகக் கன்றிப் போயிருக்கிறது, அது ஊசியால்தான் என்று இப்போதுதான் புரிகிறது. சம்மரியில் "ஆஸ்டியல் கார்டியோபிளீஜியா, நேரடியாக" என்று இருக்கிறது. அப்படியென்றால் என்ன?

உப்புக்காத்து | மே 10, காலை 6.20

ராத்திரி டியூட்டி முடிந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

வால்வு மாற்ற வேண்டுமென்றால் இதயத் துடிப்பை நிறுத்த வேண்டும். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலை இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற தமனிகளுக்குள் அனுப்பித்தான் நிறுத்துகிறோம். அதற்குப் பெயர்தான் கார்டியோபிளீஜியா. வழக்கமாகப் பெருந்தமனியின் அடிப்பகுதியில் ஒரு ஊசியைச் செருகி அங்கே விட்டால் போதும், கரைசல் தானாகத் தமனிகளுக்குள் போய்விடும். ஆனால் அதற்குப் பெருந்தமனி வால்வு இறுக்கமாக மூட வேண்டும். உங்கள் அண்ணனுக்கு அந்த வால்வே ஒழுகல். மேலே விட்டால் எல்லாம் கீழே இதய அறைக்குள் இறங்கிவிடும், தமனிக்குப் போகாது. அதனால் சர்ஜன் பெருந்தமனியைத் திறந்து, இடது தமனி, வலது தமனி இரண்டின் வாயிலும் நேரடியாகச் சிறு குழாயை வைத்துக் கரைசலை விடுவார், ஆஸ்டியல் என்பது அதுதான். சில நிமிட இடைவெளி விட்டு, ஆபரேஷன் முடியும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அந்த வாய் நாலைந்து மில்லிமீட்டர் அகலம்தான்.

குழாயின் முனை உராய்வதாலும் கரைசல் அழுத்தத்தோடு பாய்வதாலும் சிலருக்கு அந்த வாயின் உள்தோல் புண்படும். புண் ஆறும்போது தழும்புச் சதை வளரும். வெளித் தோலில் தழும்பு தடித்தால் பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். நாலு மில்லிமீட்டர் வாயில் தடித்தால் வழி அடைபடும். பெரும்பாலும் ஆபரேஷன் ஆகி ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் தெரியவரும். அண்ணன் இப்போது சரியாக அந்தக் காலத்துக்குள் இருக்கிறார்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. ராபர்ட்ஸ், மாரோ என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1967-லேயே எழுதியிருக்கிறார்கள். பெருந்தமனி வால்வு மாற்றியவர்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேர் வரை என்று பாடப்புத்தகங்களில் இருக்கும். அபூர்வம்தான். ஆனால் வந்தால் மோசமான இடத்தில் வரும். இடது தமனியின் வாய் என்பது இதயத்தின் பெரும்பகுதிக்கும் ரத்தம் போகிற ஒரே வாசல்.

ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் போட்டு, "நடந்தால் வருகிற நெஞ்சழுத்தம், இந்த வாரம் கூடியிருக்கிறது" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். அதுவரை படகுப் பக்கமே அவரை விடாதீர்கள்.

வாத்தியார்_வாலிநோக்கம் | மே 10, காலை 8.15

படிக்க நன்றாக இருக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம். ஆபரேஷனுக்கு முன் ஆஞ்சியோ சுத்தம். மூன்று மாதத்தில் கொழுப்பு படிந்து அடைக்குமா? அப்புறம் இ.சி.ஜி. நார்மல் என்கிறார்கள். எக்கோ எடுத்து வால்வு நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதாதா? இதற்கும் ஒரு ஆஞ்சியோ, அதற்கும் ஒரு ஆஞ்சியோ என்று ஏழை மக்களை அலைய விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. காப்பீட்டு அட்டையைக் கண்டாலே ஆஞ்சியோ எழுதுகிற இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன.

உப்புக்காத்து | மே 10, காலை 9.02

கொழுப்பு என்று நான் சொல்லவில்லையே வாத்தியாரே. தழும்பு. அதனால்தான் முன்னால் எடுத்த ஆஞ்சியோ இங்கே உதவாது. அது ஆபரேஷனுக்கு முந்தைய நிலைமையைக் காட்டும். குழாய் பட்டது அதற்குப் பிறகு.

படுத்தபடி எடுக்கிற இ.சி.ஜி., வலி இல்லாத நேரத்தில் எடுத்தால், நார்மலாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. எக்கோ வால்வையும் இதயத் தசையின் அசைவையும் காட்டும், தமனி வாய் குறுகியிருப்பதை நம்பிச் சொல்ல அது போதாது. "அப்படியானால் டிரெட்மில்லில் ஓட விட்டுப் பார்க்கலாமே" என்று அடுத்து கேட்பீர்கள். இடது தமனியின் வாய் அடைந்திருக்கலாம் என்று சந்தேகப்படும் ஆளை ஓட விடுவது ஆபத்து. சி.டி. ஆஞ்சியோ எடுக்கலாம், வாய்ப்பகுதி அதில் தெரியும். ஆனால் அறிகுறி இவ்வளவு தெளிவாக இருந்து, நாளுக்கு நாள் கூடவும் செய்தால் பெரும்பாலும் நேரே வயர் ஆஞ்சியோவுக்குத்தான் போவார்கள்.

தேவையில்லாத ஆஞ்சியோ பற்றி நீங்கள் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. இது அந்தக் கணக்கில் வராது.

கீழக்கரைப்_பெண் | மே 10, பகல் 12.40

எங்கள் உம்மாவுக்கு மாற்றியது மைட்ரல் வால்வு, இதயத்தின் இடது பக்க இரண்டு அறைகளுக்கு நடுவில் இருப்பது. அவர்களுக்கு வந்தது இன்னொரு விதம், அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யு.வுக்குக் கொண்டுவந்த அன்று இரவே இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடியது. இ.சி.ஜி.யில் மாற்றம், டிரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடுவது) நினைத்ததைவிட அதிகம், எக்கோவில் இதயத்தின் பின்பக்கச் சுவர் அசையவில்லை. எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் படம் போட்டு விளக்கினார்கள். மைட்ரல் வால்வின் வளையத்தை ஒட்டியே இடது தமனியின் ஒரு கிளை சுற்றிக்கொண்டு போகிறதாம், சர்கம்ஃப்ளெக்ஸ் என்று பெயர். வால்வைத் தைக்கிற நூல் கொஞ்சம் ஆழமாக இறங்கினால் அந்தக் கிளை மடங்கிவிடும், இல்லையென்றால் நூலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சிலருக்குப் பிறவியிலேயே இந்தக் கிளை பெரிதாக, வளையத்துக்கு மிக அருகில் இருக்கும், அவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றார்கள். உம்மாவுக்கு அப்படித்தான்.

இரவோடு இரவாக ஆஞ்சியோ எடுத்து, வயரை உள்ளே நுழைத்து ஸ்டென்ட் வைத்தார்கள். முடியாமல் போனால் திரும்ப நெஞ்சைத் திறந்து பைபாஸ் என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், அது தேவைப்படவில்லை. வாப்பா அன்று கேட்ட கேள்வியை நானும் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன், நூல் போட்டவர் தவறு இல்லையா என்று.

முண்டுமிளகாய் | மே 10, பகல் 1.15

அதைத்தானே நானும் கேட்கிறேன். குழாய் வைத்து வாயைப் புண்ணாக்குவதும், தைக்கும்போது ரத்தக் குழாயையே சேர்த்துத் தைப்பதும் தவறு இல்லையென்றால் வேறு எது தவறு? கேஸ் போடுங்க. (இந்தக் கேஸ் வேற கேஸ்.)

உச்சிப்புளி_சிஸ்டர் | மே 10, மாலை 5.50

நான் பல வருடம் இதய ஐ.சி.யு.வில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன்.

மிளகாய் அண்ணே, ஒப்புதல் படிவத்தில் இந்தச் சிக்கல்கள் ஒரு வரியாகவாவது இருக்கும், கை தேர்ந்தவர்களுக்கும் நடப்பதுதான். வளையத்துக்கும் அந்தக் கிளைக்கும் நடுவில் சிலருக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இடைவெளி, சர்ஜனுக்கு அது வெளியே தெரியாது. நடந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் சந்தேகப்பட்டார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். கீழக்கரைத் தங்கச்சி அம்மாவுக்கு அன்று இரவே பார்த்தார்கள். அதுதான் அவர்களைக் காப்பாற்றியது. வாரக்கணக்கில் "அது தையல் வலி" என்று சொல்லி அனுப்பினால் அங்கே போய்ச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.

எல்லா வலியையும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். மூச்சை இழுத்தால் குத்தி, மல்லாந்து படுத்தால் கூடி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைந்து, லேசான காய்ச்சலும் இருந்தால் அது இதயத்தின் மேலுறை வீக்கமாக இருக்கலாம். ஆபரேஷன் ஆகிச் சில வாரங்களில் வரும், மருந்தில் அடங்கும். ஆனாலும் காட்டத்தான் வேண்டும், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த உறைக்குள் நீரோ ரத்தமோ கோத்துக்கொண்டால் இதயத்தை நெருக்கும். மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும். தையல் கோட்டில் சீழ், எலும்பு "களக் களக்" என்று ஆடுவது, இது இன்னொரு வகை, அதற்குச் சர்ஜன்.

இளையவன், ஓய்வில் வலி வந்து நிற்காமல் இருந்தால் 108. தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே நாற்பது கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து மதுரை இன்னும் நூற்றுப் பத்துக்கு மேல். பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கடல் பார்க்கிற கூட்டம் வேறு. வாடகைக் கார் பிடித்து நேரே மதுரைக்கு ஓடாதீர்கள். வழியில் இதயம் நின்றால் காரில் ஒன்றும் செய்ய முடியாது.

கையில் எப்போதும் சம்மரி நகல், வால்வு கார்டு, ஐ.என்.ஆர். நோட்டு மூன்றும் இருக்கட்டும். 2023-லிருந்து "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று ரத்தம் கட்டாமல் தடுக்கும் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அண்ணன் ஏற்கெனவே அசிட்ரோமில் இருக்கிறார், நெஞ்சைத் திறந்து சில மாதம்தான் ஆகிறது என்பதை வாய் திறந்து சொல்ல வேண்டும். ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போடலாமா என்ற முடிவு அதைப் பொறுத்தது.

தொண்டி_நங்கூரம் | மே 10, இரவு 8.30

எனக்கே மெட்டல் வால்வு. மைட்ரல். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவில் உருவாக்கிய சித்திரா வால்வு. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்ததாம், நம் நாட்டுச் சரக்கு. ராத்திரி அமைதியாக இருந்தால் பக்கத்தில் படுக்கிறவர்களுக்கே சத்தம் கேட்கும். என் மகள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்குவாள்.

நான் சொல்ல வந்தது ரத்தக்கட்டி. கடலில் தங்கல் போகிறவர்களுக்கு மாத்திரை விட்டுப் போகும். சிலர் வேண்டுமென்றே விடுவார்கள், கடலில் கை அறுந்தால் ரத்தம் நிற்காது என்ற பயத்தில். எங்கள் பக்கம் ஒருவர் அப்படி விட்டார். வால்வில் கட்டி உருவாகி, அதில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு இதயத் தமனிக்குள் போய்விட்டது. நாற்பது வயதுகூட ஆகாத ஆள், சர்க்கரை கிடையாது, பீடி கிடையாது, மாரடைப்பு. கட்டியை உறிஞ்சி எடுத்தார்கள். மூளைக்குப் போயிருந்தால் வாதம் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

வால்வு சத்தம் திடீரென்று மங்கினால், கேட்காமல் போனால், அதுவும் உடனே காட்ட வேண்டிய விஷயம். பல வகை மெட்டல் வால்வுகளில் எக்ஸ்ரே திரையில் வால்வின் தகடு திறந்து மூடுவதை ஓட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

வாத்தியார்_வாலிநோக்கம் | மே 10, இரவு 9.10

ஐ.என்.ஆர். எவ்வளவு இருக்க வேண்டும் என்று யாராவது ஒரே எண்ணாகச் சொல்லுங்களேன். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

உச்சிப்புளி_சிஸ்டர் | மே 10, இரவு 9.25

ஒரே எண் கிடையாது சார், அதனால்தான் ஆளுக்கு ஒன்று. பெருந்தமனி இடத்தில் இப்போதைய மெட்டல் வால்வு, வேறு சிக்கல் இல்லை என்றால் பொதுவாக 2-லிருந்து 3. மைட்ரல் இடத்தில் 2.5-லிருந்து 3.5. அவரவர் நோட்டில் டாக்டர் எழுதிய அளவுதான் அவரவர்க்கு.

கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எப்போதும் அந்த அளவிலேயே இருக்கட்டும். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு அப்புறம் தினமும் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். இறங்கிவிடும். மீன் தாராளமாகச் சாப்பிடலாம். பூண்டைச் சமையலில் போடுவது சரி, மருந்தாக நிறையச் சாப்பிட வேண்டாம், ரத்தம் கசிவதைக் கூட்டும். (மிளகாய் அண்ணே!)

அடிக்கடி ரத்தம் பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைகள் இருக்கின்றனவே என்று மருந்துக்கடையில் கேட்டு மாறாதீர்கள். மெட்டல் வால்வுக்கு அவை ஆகாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரான் வைத்து நடத்திய ஆய்வை, கட்டியும் கசிவும் அதிகமானதால், பாதியிலேயே நிறுத்தினார்கள். 2013-ல் முடிவு வெளியானது.

ஷார்ஜா_சாயல்குடி | மே 11, அதிகாலை 1.05

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு 78. பெருந்தமனி வால்வு சுருக்கம். நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாக வால்வு வைக்கலாம் என்கிறார்கள், பல லட்சம் ஆகும். அதில் கார்டியோபிளீஜியா குழாய் எதுவும் கிடையாது, அப்படியானால் இந்தத் தமனிச் சிக்கல் வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

உப்புக்காத்து | மே 11, காலை 7.00

அந்தச் சிக்கல் வராது, வேறொன்று வரலாம். 2002-ல் பிரான்சில் அலெய்ன் கிரிபியே முதன்முதலாகச் செய்த முறை இது, டாவி என்பார்கள். பழைய வால்வை வெட்டி எடுப்பதில்லை. புது வால்வு விரியும்போது பழைய வால்வின் சுண்ணாம்பு படிந்த இதழ்களைச் சுவரோடு தள்ளிவிடும். தமனியின் வாய் தாழ்வாக இருந்தால் அந்த இதழே போய் வாயை மூடிக்கொள்ளும். நூற்றில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் நடந்தால் மேசையிலேயே உயிருக்கு ஆபத்து. பெண்களுக்கு அந்த இடம் சிறியது என்பதால் அவர்களிடம் கூடுதலாகப் பார்க்கிறோம்.

அதனால் முன்கூட்டியே சி.டி. எடுத்து வால்வு வளையத்திலிருந்து தமனி வாய் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று அளப்பார்கள். 12-க்குக் கீழே என்றால் யோசிப்பார்கள், 10-க்குக் கீழே என்றால் ரொம்பவே யோசிப்பார்கள். அந்த இடத்தின் அகலமும் கணக்கு. ஆபத்து இருந்தால் தமனிக்குள் முன்பே ஒரு வயரும் ஸ்டென்டும் தயாராக வைத்துக்கொண்டு செய்வதுண்டு. "இரண்டு பக்க உயரமும் எவ்வளவு?" என்று கேளுங்கள். அப்பாவுக்குத் தமனியில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் அதை வால்வுக்கு முன் பார்ப்பதா, பின் பார்ப்பதா என்பதையும் கேளுங்கள், சில வகை வால்வு வைத்த பிறகு அதன் கம்பி வலைக்குள் புகுந்து தமனி வாயைப் பிடிப்பது சிரமம்.

தங்கச்சிமடம்_இளையவன் | மே 16, இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. போன் போட்டோம், உடனே வரச் சொன்னார்கள். அண்ணனைக் கிளப்பத்தான் பெரும்பாடு. மதினி அழுது, பங்குத் தந்தையும் சொன்ன பிறகுதான் வந்தார்.

கை மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ எடுத்தார்கள். இடது தமனியின் வாய் முக்கால்வாசிக்கு மேல் சுருங்கியிருக்கிறது. அதற்கு அப்பால் குழாய் முழுவதும் பிப்ரவரியில் இருந்தது போலவே சுத்தம். வலது பக்க வாய் லேசாக மட்டும். டாக்டரே பழைய ஆஞ்சியோ படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டினார். வால்வு நன்றாக வேலை செய்கிறது.

இப்போது ஸ்டென்டா, பைபாஸா என்று பேச்சு. திரும்ப நெஞ்சைத் திறப்பதா என்று அண்ணன் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். அட்டையில் ஒரு வருடத்துக்குக் குடும்பத்துக்கே 5 லட்சம்தான், வால்வுக்குப் போனது போக மிச்சம் போதுமா என்று காப்பீட்டுக் கவுன்டரில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உப்புக்காத்து | மே 16, இரவு 11.00

கண்டுபிடித்தாகிவிட்டது, அதுவே பெரிய விஷயம். இரண்டும் செய்வதுண்டு. முன்பெல்லாம் பைபாஸ் மட்டும்தான். இப்போது இடது தமனி வாயில் ஸ்டென்ட் வைப்பதும் நிறைய நடக்கிறது, குறிப்பாக நெஞ்சைத் திறந்து சில மாதமே ஆனவர்களுக்கு. ஒட்டுக்கள் பிடித்த நெஞ்சைத் திரும்பத் திறப்பது சர்ஜனுக்கும் சிரமம், நோயாளிக்கும் சிரமம். அதே நேரம், தழும்புச் சதை ஸ்டென்டுக்குள்ளும் திரும்ப வளரலாம், அதனால் சில மாதம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்ப்பார்கள். கார்டியாலஜிஸ்ட், சர்ஜன் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். தனித்தனியாகக் கேட்டால் தனித்தனிப் பதில்தான் வரும்.

உச்சிப்புளி_சிஸ்டர் | மே 17, காலை 6.45

ஸ்டென்ட் என்று முடிவானால் ஒன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அசிட்ரோமோடு குளோபிடோக்ரெல் சேரும், கொஞ்ச நாளைக்கு ஆஸ்பிரினும் சேரும். மூன்றும் சேர்ந்தால் ரத்தக் கசிவு ஆபத்து அதிகம், அதனால் ஆஸ்பிரினைச் சீக்கிரமே நிறுத்துவார்கள். எது எந்தத் தேதி வரை என்று சீட்டில் தேதியோடு இருக்க வேண்டும். மலம் தார் போலக் கருத்தால் காத்திருக்கக் கூடாது. எந்த மாத்திரையையும், அசிட்ரோமை நிச்சயமாக, பக்கத்துக் கடையில் கேட்டு நிறுத்தக் கூடாது.

முண்டுமிளகாய் | மே 17, காலை 8.00

பூண்டுப் பாலைக் குடித்தாரா இல்லையா, அதைச் சொல்லுங்க முதலில்.

தங்கச்சிமடம்_இளையவன் | மே 21, மாலை 4.15

இல்லை அண்ணே, தப்பித்தார். 😀

ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. நேற்று வார்டில் மாடிப்படி ஏறிப் பார்க்கச் சொன்னார்கள், அழுத்தம் வரவில்லை. ஜூன் 15-க்குப் படகு கிடையாது என்று டாக்டரே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மூன்று ரத்த மாத்திரையோடு வின்ச் பக்கமும் கயிறு பக்கமும் நிற்க விட மாட்டேன் என்றார். படகு ஓனர் கரையில் ஐஸ், டீசல் கணக்குப் பார்க்கிற வேலை தருகிறேன் என்கிறார். அதில் சம்பளம் குறைவு, பங்கும் கிடையாது. அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறோம்.

பாம்பன்_பாசி | மே 21, இரவு 7.30

நல்ல செய்தி. ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். அம்மா சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போனவர். மைட்ரல் வால்வு மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது உடம்பு நன்றாக இருக்கிறது, திரும்பக் கடலில் இறங்குகிறேன் என்கிறார். அப்புறம், ஆபரேஷனுக்கு முன் 21 நாளுக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார், வால்வே மாற்றியாகிவிட்டது இனி எதற்கு என்று நிறுத்திவிட்டார். மேலே இடுப்பில் ஊசி கூடாது என்றும் படித்தேன். எது சரி?

உச்சிப்புளி_சிஸ்டர் | மே 21, இரவு 8.10

முதலில் ஊசி. வால்வை மாற்றினாலும் மூட்டு வீங்கி வருகிற அந்தக் காய்ச்சல் திரும்ப வரலாம். தொண்டையில் கிருமி வந்தால் மிச்சமுள்ள நல்ல வால்வுகளையும் இதயத் தசையையும் தாக்கும். அதனால் பெனிசிலின் தொடர வேண்டும், எத்தனை வயது வரை என்பதை டாக்டர் சொல்வார். மேலே உப்புக்காத்து சொன்னது வலி ஊசி பற்றி, அது இல்லாமலே சமாளிக்கலாம். இது அப்படியில்லை. ஐ.என்.ஆர். அளவுக்குள் இருக்கும் நாளில் போட்டு, குத்திய இடத்தை நன்றாக அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. ரத்தம் கட்டிக்கொள்கிறது என்றால் தினமும் இரண்டு வேளை சாப்பிடுகிற பெனிசிலின் மாத்திரைக்கு மாற்றித் தருவார்கள். நிறுத்தியதை டாக்டரிடம் சொல்லி, இந்த மாதமே மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

கடல் விஷயம் கஷ்டம். மூச்சை அடக்கி முங்குவதும், பாறையிலும் பவளத்திலும் கை கால் கிழிவதும் அசிட்ரோமோடு ஒத்துவராது. துணி சுற்றிக் கட்டினாலும் கிழியத்தான் செய்யும், காயம் வழியாகக் கிருமி போனால் வால்வில் ஒட்டிக்கொள்ளும். ஆழத்துக்குப் போகாமல் கரையில் மிதவையில் வளர்க்கிற பாசியைக் கட்டுவது, காயவைப்பது என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, கையுறையும் செருப்பும் போட்டுக்கொண்டு செய்யலாம். பல்லைப் பிடுங்குவதாக இருந்தால் பல் டாக்டரிடம் வால்வு கார்டைக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி, ஒரு மணி நேரம் முன்னால் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகுதான் பிடுங்க வேண்டும்.

பாம்பன்_பாசி | மே 21, இரவு 8.25

சரி அக்கா. பல் ஒன்று ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. ஊசிக்குத் திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன், கார்டையும் எடுத்து வைத்துவிட்டேன்.